ஞாயிறு காலை பதினோரு மணியும் நம் கல்லாப் பெட்டியும்

ஆண்டுதோறும் மே 5-ஆம் தேதி நமக்கு வணிகர் தினம். கடையடைத்து, வேன் பிடித்து, மாநாட்டுக்குப் போய் நள்ளிரவில் திரும்பிய அலுப்போடு மறுநாள் ஷட்டரைத் தூக்குவது நம் வழக்கம். 2012-ஆம் ஆண்டில் அந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமையாக அமைந்தது. மாதத்தின் முதல் ஞாயிறு, ஓசூருக்குச் சம்பளம் வந்த ஞாயிறு. டிவிஎஸ், அசோக் லேலண்ட், டைட்டன், இன்னும் சிப்காட்டில் உள்ள சிறு பட்டறைகள் வரை வேலை பார்க்கும் குடும்பங்கள் மஞ்சள் பையோடும் மாதாந்திரச் சீட்டோடும் மளிகைக் கடைக்கு வரும் காலை அது. அன்று பதினோரு மணிக்குத்தான் 'சத்யமேவ ஜெயதே' தொடங்கியது.

இந்தி நடிகர் அமீர்கான் நடத்திய அந்த வாராந்திர நிகழ்ச்சியை வணிக அன்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஸ்டார் பிளஸ்ஸிலும் தூர்தர்ஷனிலும் இந்தியில், விஜய் டி.வி.யில் தமிழில், ஏசியாநெட்டில் மலையாளத்தில், ஈ டி.வி.யில் தெலுங்கில். வாரம் ஒரு நாட்டு நடப்பு, வாரம் ஒரு வேதனை என்று ஜூலை 29 வரை பதின்மூன்று வாரங்கள் ஓடியது. பிறகு 2014-இல் இரண்டு தவணைகளாக மேலும் பதினொரு வாரங்கள். ஒரு காலத்தில் இராமாயணமும் மகாபாரதமும் ஓடிய ஞாயிறு காலையையே இதற்கும் தேர்ந்தெடுத்தார்கள். அன்று இராமாயணத்துக்குத் தெரு வெறிச்சோடியது போல இதற்கும் வெறிச்சோடியது என்று எழுதினால் அது பொய். கூட்டம் சற்றுக் குறைந்தது, அவ்வளவே. ஆனால் ஞாயிற்றுக்கிழமை டி.வி.யில் பேசியது திங்கட்கிழமை காலை நம் மேஜைக்கு முன்னால் வந்து நின்றது. நாம் எழுத வந்தது அந்தத் திங்கட்கிழமைகளைப் பற்றித்தான்.

முதல் வாரம் பெண் சிசுக் கருவழிப்பு. ராஜஸ்தானில் கருவிலேயே பெண்ணைக் கண்டறிந்து அழிக்க உடன்பட்ட மருத்துவர்களை ரகசியமாகப் படம் பிடித்த இரு பத்திரிகையாளர்கள் வந்து பேசினார்கள். மூன்றே நாளில் அமீர்கான் அம்மாநில முதல்வர் அசோக் கெலாட்டைச் சந்தித்து, அவ்வழக்குகளை விரைவாக விசாரிக்க வேண்டும் என்று கேட்டார். டி.வி.யில் பேசியது மூன்று நாளில் முதல்வர் மேஜைக்குப் போகிறதே என்று நம் ஆட்கள் வியந்தார்கள்.

நமக்கு அதைவிடப் பெரிய வியப்பு, கடைக்கு வந்த பெண்கள் காட்டிய மௌனம். கிருஷ்ணகிரி 2004 வரை தருமபுரி மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. பெண் சிசுக்களைக் காக்க 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பின்னர் தருமபுரிக்கும் விரிந்தது என்பது ஊரறிந்த செய்தி. உளுந்து வாங்க வந்த ஒரு பாட்டி, "வடக்கத்திக்காரன் வந்து சொன்னாத்தான் நமக்குத் தெரியுமா, அண்ணாச்சி?" என்று கேட்டுவிட்டுச் சில்லறையை எண்ணாமலே முடிந்துகொண்டு போனார். அந்த நிகழ்ச்சியைப் பற்றி நாம் கேட்ட விமரிசனங்களில் இதற்கு மேலானது இன்று வரை இல்லை.

மே 27-ஆம் தேதி மருத்துவம். பிராண்ட் பெயர் இல்லாத ஜெனரிக் மாத்திரை எவ்வளவு மலிவு என்று காட்டினார்கள். டாக்டர்களின் சங்கங்கள் மன்னிப்புக் கேட்கச் சொல்லின, அமீர்கான் மறுத்துவிட்டார். ஜூன் 21 அன்று நாடாளுமன்றக் குழு அவரை அழைத்தே கருத்துக் கேட்டது. மெடிக்கல் ஷாப் வைத்திருக்கும் நம் உறுப்பினர்கள் ஒரு மாத காலம் வாடிக்கையாளர்களிடம் பட்ட பாடு தனிக் கட்டுரைக்கு உரியது. அரசு மருத்துவமனைகளுக்கு மொத்தமாக மருந்து வாங்கும் கழகத்தைத் தமிழ்நாடு 1994-லேயே அமைத்துவிட்டது என்று சொல்லித் தப்பித்தவர்களும் உண்டு. அதை இங்கே விட்டு, நம் வயிற்றோடு சம்பந்தப்பட்ட வாரத்துக்கு வருவோம்.

பூச்சி மருந்து வாரம்

ஜூன் 24. அன்றைய பொருள், நம் தட்டில் விழும் நஞ்சு. பூச்சி மருந்து தெளித்த காய்கறியும் தானியமும் உடம்புக்குள் போய் என்ன செய்கிறது என்பதே பேச்சு. ஐதராபாத்தைச் சேர்ந்த வேளாண் விஞ்ஞானி ஜி.வி.ராமாஞ்சநேயுலு, ரசாயன மருந்து இல்லாமலே ஆந்திரத்தில் பயிர் செய்து காட்டியதை விளக்கினார். காசர்கோட்டின் முந்திரித் தோட்டங்களில் எண்டோசல்ஃபான் தெளித்ததால் நேர்ந்த கொடுமையும், 2011 மே மாதம் சுப்ரீம் கோர்ட் அம்மருந்துக்கு விதித்த இடைக்காலத் தடையும் மக்கள் மனத்தில் ஆறாமல் இருந்த சமயம் அது. தமிழ் பார்வையாளர்களுக்கு இந்தப் பேச்சு புதிதும் அல்ல. 2013 டிசம்பரில் மறைந்த நம்மாழ்வார் ஐயா இதையே ஊர் ஊராக, மேல்சட்டை போடாமல், பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னபோது தலையாட்டியவர்கள் நடிகர் சொன்னபோது பயந்தார்கள்.

அந்தப் பயம் திங்கள் காலை கடைக்கு வந்தது. "இந்தத் தக்காளி எங்க விளைஞ்சதுங்க? மருந்து அடிச்சதா?" நமக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தளி, கெலமங்கலம், பாகலூர், தேன்கனிக்கோட்டை என்று சுற்றிலும் தோட்டங்கள். கோஸ், பீன்ஸ், காலிபிளவர், குடைமிளகாய், ராயக்கோட்டைத் தக்காளி எல்லாம் இங்கிருந்துதான் பெங்களூருக்கும் சென்னைக்கும் லாரி ஏறுகின்றன. கேட்ட அம்மாளின் மாமனாரே சூளகிரிப் பக்கம் தக்காளி போடுகிறவர்! அவர் வீட்டுத் தக்காளிக்கு எத்தனை முறை மருந்து அடித்தார்கள் என்று நம்மைக் கேட்டால் நாம் என்ன சொல்வது?

கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டிகள் உச்சத்தில் இருந்த மாதமும் அதுவே. கார்பைடு கல் வைத்துப் பழுக்க வைப்பது சட்டப்படி குற்றம் என்பதை அன்றும் எல்லோரும் அறிந்திருந்தார்கள். எத்திலீன் வாயுவால் பழுக்க வைக்க மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் அளவு நிர்ணயித்து முறையாக வழிகாட்டியது 2016-இல்தான். இடைப்பட்ட நான்கு பருவங்களும், கல்லை வைத்தவர் தப்பினார், வைக்காதவர் வாடிக்கையாளரிடம் சத்தியம் செய்துகொண்டிருந்தார்.

இதில் நம்மை உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. விவசாயி பேசினார், விஞ்ஞானி பேசினார், பாதிக்கப்பட்டவர் பேசினார், பார்வையாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தோட்டத்துக்கும் தட்டுக்கும் நடுவே மண்டி, கமிஷன் கடை, சில்லறைக் கடை என்று மூன்று படிகள் இருக்கின்றன. அந்தப் படிகளில் உட்கார்ந்திருக்கும் ஒருவரை அந்த சோபாவில் பார்த்ததாக நமக்கு நினைவில்லை. ஆனால் கேள்வி மட்டும் அந்தப் படிக்குத்தான் வந்தது.

சட்டத்திலும் இதே கதைதான் என்பதை அப்போதுதான் கற்றுக்கொண்டோம். உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம் 2006-இல் நிறைவேறினாலும் நடைமுறைக்கு வந்தது 2011 ஆகஸ்ட் 5-ஆம் தேதி. ஓராண்டுக்குள் லைசென்சோ பதிவோ பெற வேண்டும் என்று கெடு. அதை எதிர்த்துத் தமிழகம் முழுவதும் வணிகர் அமைப்புகள் குரல் கொடுத்துக்கொண்டிருந்தன. கெடு பின்னால் பலமுறை நீட்டிக்கப்பட்டது வேறு விஷயம். அந்த நெருக்கடியின் நடுவேதான் இந்த நிகழ்ச்சி வந்தது. சட்டத்தின் 18-ஆம் பிரிவு, விவசாயிக்கும் பயிருக்கும் வயலில் நடக்கும் வேலைக்கும் சட்டம் பொருந்தாது என்கிறது. 21-ஆம் பிரிவோ, விற்கும் உணவில் பூச்சி மருந்தின் எச்சம் வரம்பைத் தாண்டக் கூடாது என்கிறது. தக்காளி செடியில் தொங்கும் வரை சட்டம் அதைப் பார்க்காது. கூடையில் ஏறி நம் கடைப் படியைத் தொட்டதும் பார்க்கும். தெளித்தவர் கையை விட்டுவிட்டு எடை போட்டவர் கையைப் பிடிக்கும் இந்த ஏற்பாட்டை எந்த டி.வி.யும் ஒரு மணி நேரம் பேசவில்லை.

நாம் நியாயம் கேட்கும்போது நம் பக்கத்து அழுக்கையும் சொல்ல வேண்டும். அரிசி மூட்டையிலும் பருப்பு மூட்டையிலும் வண்டு விழாமலிருக்க 'மாத்திரை' போடும் பழக்கம் நம் குடோன்களில் இல்லையா? அது அலுமினியம் பாஸ்பைடு. காற்றின் ஈரம் பட்டால் ஆளைக் கொல்லும் வாயுவை விடும். பயிற்சி பெற்ற, அனுமதி உள்ள ஆட்கள் மட்டுமே கையாள வேண்டிய சரக்கு. அதைக் காகிதத்தில் மடித்து மூட்டைக்குள் செருகிவிட்டு, அதே அறையில் பையனைப் படுக்க வைத்த கடைகள் இருந்தன. நாமும் ஒரு காலத்தில் செய்தோம். அன்றைய நிகழ்ச்சியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வீட்டில் உள்ளவர்கள் திரும்பி நம் முகத்தைப் பார்த்தார்கள். மறு வாரமே வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் வசம்பும் குடோனுக்கு வந்தன. அவற்றால் வண்டு முழுவதும் போகாது. மூட்டையை அதிக நாள் தேக்காமல் சிறிது சிறிதாக வாங்குவதே வழி என்று அனுபவத்தில் கண்டோம்.

நம் சங்கத்திலேயே உரம், பூச்சி மருந்துக் கடை வைத்திருக்கும் உறுப்பினர்கள் உண்டு. அவர்களில் ஒருவர் மாதக் கூட்டத்தில் எழுந்து, "அரசாங்கம் லைசென்ஸ் கொடுக்குது, அரசாங்கம் அனுமதிச்ச மருந்தை விக்கிறேன். டி.வி.யில என்னைக் கொலைகாரன் மாதிரி காட்டுறாங்க. நீங்களும் என்னை அப்படித்தான் பாக்குறீங்களா?" என்று கேட்டார். கூட்டத்தில் யாரும் பதில் பேசவில்லை. தலைவர் அடுத்த பொருளுக்குப் போய்விட்டார். அன்று பேசியிருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

மூன்று மொழியில் கேட்டது, நாலாவதில் கேட்காதது

எல்லையோரம் இருக்கும் நமக்கு மட்டுமே தெரிந்த ஒரு வேடிக்கை இந்த நிகழ்ச்சியில் உண்டு. ஓசூர்க்காரர் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் பேரம் பேசுவார். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, கர்நாடகம். பருப்பும் வெல்லமும் அங்கிருந்து நமக்கும், நம்மிடமிருந்து அங்கும் நாள்தோறும் போய் வரும். இத்தனை மொழியில் வந்த 'சத்யமேவ ஜெயதே' கன்னடச் சேனல்களில் மட்டும் கன்னடத்தில் வரவில்லை. பிற மொழிப் படங்களையும் தொடர்களையும் கன்னடத்தில் டப்பிங் செய்யக் கூடாது என்று கர்நாடகத் திரைத்துறைச் சங்கங்கள் பல பத்தாண்டுகளாகக் கட்டுப்பாடு வைத்திருந்தன. அந்தக் கட்டுப்பாடு இந்த நிகழ்ச்சிக்கும் பொருந்தியது.

அத்திப்பள்ளியிலிருந்து நமக்கு வெல்லம் கொடுக்கும் கன்னடக்கார மொத்த வியாபாரி ஒருவர், "என்ன சுவாமி, என் வீட்டுல மருமக இந்தியில பாக்குறா, டிரைவர் தமிழ்ல பாக்குறான், கணக்குப்பிள்ளை தெலுங்குல பாக்குறாரு. எங்க அம்மாவுக்கு மட்டும் நான் உக்காந்து கன்னடத்துல சொல்லணும்" என்று அலுத்துக்கொண்டார். தாய்மொழியைக் காப்பாற்றுகிறோம் என்று போட்ட வேலி, தாய்மொழி மட்டும் தெரிந்த கிழவியைத்தான் வெளியே நிறுத்தியது. மொழிக்கான ஆசையில் அந்தச் சங்கத்தாருக்குக் குறைவில்லை. டப்பிங் வந்தால் தங்கள் ஆட்களின் பிழைப்புப் போகும் என்ற அச்சமும் நியாயமானதே. அந்த அச்சம் நமக்கும் புரியும். அதே 2012 செப்டம்பரில் சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீட்டுக்கு அனுமதி வந்தபோது நாமும் கடையடைத்தோம் அல்லவா?

ஆனால் வணிகர் சங்கம் என்ற முறையில் நாம் கூர்ந்து பார்க்க வேண்டியது பின்னால் நடந்ததை. கன்னட கிராஹகர கூட்டா என்ற நுகர்வோர் அமைப்பு, டெல்லியில் உள்ள இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் செய்தது. 2015 ஜூலையில் ஆணையம் தீர்ப்புச் சொன்னது: சங்கங்கள் கூடி ஒரு சரக்கைச் சந்தைக்கு வரவிடாமல் தடுப்பது போட்டிச் சட்டத்துக்கு விரோதம் என்று கர்நாடகத் திரைப்பட வர்த்தக சபை உள்ளிட்ட அமைப்புகளுக்கு அபராதம் விதித்தது. 2017-இல் அஜித் நடித்த 'என்னை அறிந்தால்' கன்னடம் பேசிக்கொண்டு கர்நாடகத் தியேட்டர்களுக்குப் போயிற்று.

சினிமாக்காரர் வழக்குதானே என்று ஒதுக்கிவிட வேண்டாம். சங்கம் தீர்மானம் போட்டு ஒரு பொருளைத் தடுக்கும் வழக்கம் நமக்கும் உண்டு. ஜல்லிக்கட்டுப் போராட்டத்துக்குப் பின், 2017 மார்ச் 1 முதல் கோக், பெப்சி விற்பதில்லை என்று தமிழக வணிகர் அமைப்புகள் அறிவித்ததை நாம் பெருமையோடு நினைக்கிறோம். ஒரு வியாபாரி தன் கடையில் எதை விற்பது, எதை விற்காமல் இருப்பது என்பது அவர் உரிமை. 'நீயும் விற்காதே' என்று சங்கம் அடுத்தவர் கடைக்குள் கை நீட்டும் இடத்தில் சட்டம் வேறாகப் பேசலாம். சங்கக் கூட்டங்களில் தீர்மானம் எழுதும் செயலாளர்கள் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுவது நல்லது.

கோலா என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. பூச்சி மருந்து வாரம் முடிந்த மறுநாள், நம் கடைக்கு எதிர்த்த டீக்கடைக்காரர் பழைய கதையைக் கிளறினார். 2003 ஆகஸ்டில் டெல்லியின் அறிவியல் சுற்றுச்சூழல் மையம், கோக், பெப்சி உள்ளிட்ட குளிர்பானங்களில் பூச்சி மருந்து எச்சம் இருப்பதாக அறிக்கை வெளியிட்டது. மறு ஆண்டு நாடாளுமன்றக் கூட்டுக் குழுவும் அதை உறுதி செய்தது. அந்த ஆண்டுகளில் கோகோ கோலா விளம்பரங்களில் வந்தவர் யார்? இதே அமீர்கான். "அப்ப வித்தவரும் அவரே, இப்ப அழறவரும் அவரே" என்றார் டீக்கடைக்காரர். நாம் முழுவதும் உடன்படவில்லை. அந்தப் பாட்டிலை ஐஸ் பெட்டியில் அடுக்கி விற்றவர்கள் நாம். பத்து வருஷத்தில் மனிதர் மாறக் கூடாதா? ஆனாலும் பார்வையாளர் எதையும் மறப்பதில்லை என்பதை அன்று தெரிந்துகொண்டோம்.

பொதுவாக நம் பகுதியினர் இதை எப்படிப் பார்த்தார்கள் என்று கேட்டால், ஒரே பதில் இல்லை. 2006 முதல் 'நீயா நானா' பார்த்துப் பழகிய கண்களுக்கு, எதிர்க்கட்சியே இல்லாத இந்த நிகழ்ச்சி சப்பென்று இருந்தது. உதடு ஒன்று பேச ஓசை வேறொன்றாய் வந்த டப்பிங் தமிழைப் பிள்ளைகள் கேலி செய்தார்கள். வாரக் கடைசியில் எஸ்.எம்.எஸ். அனுப்பி ஒரு ரூபாய் தர்மம் செய்யச் சொன்னதைச் சிலர் செய்தார்கள். தண்ணீர் வாரத்தில் மட்டும் எல்லோரும் ஒரே குரலில் பேசினார்கள். மழைநீர்ச் சேமிப்பைத் தமிழ்நாடு 2003-லேயே கட்டாயமாக்கிவிட்டது, எங்களுக்குப் பாடம் வேண்டாம், எங்கள் கெலவரப்பள்ளி அணைக்கு வந்து பாருங்கள் என்றார்கள். பெங்களூர் சாக்கடையெல்லாம் தென்பெண்ணையில் இறங்கி அணை மதகில் வெண்ணுரையாய்ப் பொங்குவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோபம் புரியும். அந்தத் தண்ணீர் பாயும் வயலின் கீரையும் காயும் நம் கடைக்கே வருகின்றன.

இவை எல்லாவற்றையும் விடக் கசப்பானது மின்வெட்டு. 2012-இல் சென்னைக்கு வெளியே இருந்த நாம் நாளில் பல மணி நேரம் இருட்டில் இருந்தோம். கண்ணீர்க் காட்சி உச்சத்துக்கு வரும்போது கரண்ட் போகும். மீதியைத் திங்களன்று கடையில் நின்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். பார்த்தவர் பாதி, கேட்டவர் பாதி. கேட்டவர் சொன்னதில் விஷம் இரண்டு மடங்காகியிருக்கும்!

இப்படிப் பயந்த வாடிக்கையாளர்கள் எத்தனை நாள் பயந்தார்கள்? மூன்று வாரம். நாலாவது வாரம், விலை குறைந்த தக்காளி எது என்றுதான் கேட்டார்கள். 2015 ஜூனில் மேகி நூடுல்ஸ் தடையானபோதும் இதையே கண்டோம். ஒரே இரவில் அலமாரியிலிருந்து இறக்கினோம். ஆகஸ்டில் மும்பை ஐகோர்ட் தடையை ரத்து செய்தது. நவம்பரில் சரக்கு திரும்ப வந்ததும் பிள்ளைகள் பழையபடி வரிசையில் நின்றார்கள்.

நம்மிடம் மட்டும் ஒரு பழக்கம் தங்கிவிட்டது. சட்டத்தின் 26-ஆம் பிரிவுப்படி, நமக்குச் சரக்கு விற்றவர் தரும் பில்லே அந்தச் சரக்கின் தரத்துக்கு உத்தரவாதமாகக் கருதப்படும். 27-ஆம் பிரிவுப்படி, யாரிடம் வாங்கினோம் என்று காட்ட முடியாத சரக்குக்கு விற்றவரே, அதாவது நாமே, பொறுப்பு. இதைப் படித்த பிறகு பருப்பு, எண்ணெய், மிளகாய்த்தூள், வெல்லம் எதற்கும் பில் இல்லாமல் மூட்டையை இறக்க விடுவதில்லை. கம்பியில் குத்திய பில்கள் ஆண்டு வாரியாகக் கட்டிப் பரணில் இருக்கின்றன.

காய்கறிக்கு மட்டும் இன்னும் வழி பிறக்கவில்லை. சென்ற வாரம் தக்காளி மண்டியில் பில் கேட்டோம். மண்டிக்காரர் நம்மை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார். பிறகு காலி பீடிக் கட்டின் உறையைக் கிழித்து, 'தக்காளி 3 பெட்டி' என்று எழுதித் தேதி போட்டு, தோட்டக்காரரின் ஊரையும் நாம் கேட்காமலே எழுதிக் கொடுத்தார். அதையும் கம்பியில் குத்தி வைத்திருக்கிறோம்.